கோபேசுவரத்தில் மரங்காத்த தொண்டு

திருக்கோயில் என்பது கல்லும் சுதையும் கொண்டு எழுப்பிய கட்டடம் மட்டும் அன்று. விமானமும் மண்டபமும் மதிலும் கோபுரமும் போலத் தீர்த்தமும் நந்தவனமும் தலமரமும் கூடியதே திருக்கோயில். மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றனையும் முறையே போற்றிய நம் முன்னோர், ஒவ்வொரு தலத்திற்கும் உரிய மரம் ஒன்றையும் வழிபடு பொருளாகவே வைத்தனர். தில்லைக்குத் தில்லை மரமும், ஆலவாய்க்குக் கடம்பும், திருவானைக்காவுக்கு வெண்ணாவலும், கச்சி ஏகம்பத்துக்கு மாவும், நெல்வேலிக்கு மூங்கிலும், குற்றாலத்துக்குக் குறும்பலாவும் உரியனவாதலைச் சைவ நன்மக்கள் அறிவர். கோயிலை வலம் வருவோர் மரத்தையும் வலம் வந்து வணங்குதல் இன்றும் நாம் காணும் வழக்கமே.

குடமுழுக்கு நன்னாளில் வெளிவரும் இம்மலர், கல்திருப்பணிக்குப் பொருள் வழங்கிய பெருமக்களின் திருப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. அவர்தம் அறம் என்றும் வாழ்க. அவ்வறத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு திருப்பணி உண்டு. அதுதான் மரத்தை நட்டுக் காக்கும் திருப்பணி. அதன் இயல்பு எத்தகையது, அது எவ்வாறு நிலைபெறும் என்பதை நம் காலத்து வரலாறு ஒன்றினைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். அவ்வரலாறு நிகழ்ந்த இடம் நமக்கு அயலானது அன்று. திருஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பதிகம் அருளிய திருக்கேதாரத்தின் மலைநாடே அது.

திருக்கேதாரம், தேவாரம் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் ஒன்று. ஆளுடைய பிள்ளையாரும் வன்றொண்டரும் திருக்காளத்தியில் இருந்தவாறே இத்தலத்தைப் பாடினர் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் செய்தி. பிள்ளையார் பதிகத்தில் வண்டும் மயிலும் மான்கன்றும் நீலம் மலரும் சுனையும் இடம்பெறுகின்றன. இறைவன் எழுந்தருளிய இடத்தை அவர் காடும் சுனையும் சூழ்ந்த இடமாகவே கண்டார் என்பது நாம் உளங்கொள்ளத்தக்கது.

இமயச் சாரலில் ஐந்து கேதாரங்கள் உள்ளன. கேதாரநாதம், மத்தியமகேசுவரம், துங்கநாதம், உருத்திரநாதம், கற்பேசுவரம் என்பன அவை. பனிக்காலத்தில் உருத்திரநாதத்தின் திருக்கதவம் அடைக்கப்படும்போது, அவ்விறைவனது உற்சவத் திருமேனி கீழே ஒரு சிறு நகருக்கு எழுந்தருளுகின்றது. அந்நகரே கோபேசுவரம். உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தின் தலைநகராகிய அவ்வூரில், கோபிநாதர் என்னும் பெயருடன் சிவபெருமான் கோயில் கொண்டுள்ளார். கோயில் முற்றத்தில் நெடிய திரிசூலம் ஒன்று நிற்கின்றது. அதன்மேற் பழைய எழுத்துக்களும், 1191 ஆம் ஆண்டைச் சார்ந்த வெற்றிக் குறிப்பும் பொறிக்கப்பட்டுள்ளன. வல்லமை கொண்டு தள்ளினால் அச்சூலம் அசையாது என்றும், அன்புடையார் ஒருவர் விரலால் தொட்டால் அசையும் என்றும் அவ்வூரார் நம்பி வருகின்றனர்.

அக்கோயிலின் பூசகர் மரபில் 1934 ஆம் ஆண்டு பிறந்தவர் சண்டிப் பிரசாத் பட்டர். இளமையில் பேருந்து நிறுவனம் ஒன்றிற் பயணச்சீட்டுப் பதிவாளராய் வேலை பார்த்தார். 1956 இல் செயப்பிரகாச நாராயணரின் உரையைக் கேட்டமை அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1960 இல் வேலையைத் துறந்து பொதுத்தொண்டிற் புகுந்தார். 1964 இல் கோபேசுவரத்தைச் சார்ந்த தொண்டர்கள் கூடித் தசோலி கிராம சுவராச்சிய சங்கம் என்னும் அமைப்பை நிறுவினர். மலையில் விளையும் பொருளைக் கொண்டு மலைமக்களுக்குத் தொழில் தருதலே அதன் முதல் நோக்கம். உழவுக்கருவி செய்யும் பட்டறை, பைன் மரப்பாலிலிருந்து கற்பூரத் தைலம் எடுக்கும் ஆலை ஆகியவற்றை அவர்கள் நடத்தினர். மரங்காத்தல் என்னும் எண்ணம் அப்போது அவர்களிடம் முளைக்கவில்லை. அதனை அவர்களுக்குக் கற்பித்தது ஒரு பெருவெள்ளம்.

1970 ஆம் ஆண்டு சூலை மாதம் 20 ஆம் நாள் அலகநந்தை பெருகியது. பேலாகூச்சி என்னும் ஊர் முற்றும் அழிந்தது. பாலங்களும் வயல்களும் அடித்துச் செல்லப்பட்டன. மலைச்சரிவால் 1893 இல் அடைபட்டு உண்டான கோகினா ஏரியும் அவ்வெள்ளத்தோடு தூர்ந்து ஒழிந்தது. கங்கைக் கால்வாயில் வண்டல் படிந்தமையால் சமவெளி உழவரும் இடருற்றனர். துயர்துடைப்புப் பணிக்கு ஊர் ஊராகச் சென்ற தசோலித் தொண்டர்கள், எங்கெங்குக் காடு மொட்டை அடிக்கப்பட்டதோ அங்கெல்லாம் மலை சரிந்து கிடத்தலைக் கண்டனர். மரத்தின் வேர் மண்ணைப் பற்றுகின்றது. உதிர்ந்த இலை மழைநீரை உறிஞ்சி, ஊற்றாகச் சிறிது சிறிதாய் விடுகின்றது. அவ்விரண்டும் இல்லாத சரிவில் மழைநீர் ஒருங்கே பாய்ந்து மண்ணை வாரிச் செல்கின்றது. சடைக்கற்றையில் ஏற்றுக் கங்கையின் வேகத்தைத் தணித்தருளிய பெருமானைப் பாடும் நமக்கு, மலைக்குக் காடு சடையாய் அமைந்திருத்தலை விளக்க வேறு உவமை வேண்டா.

1973 ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி மக்கள் உள்ளத்தைக் கிளறியது. அங்கு என்று மலைமக்கள் வழங்கும் மரம் எடை குறைந்தது, எனினும் உறுதி மிக்கது. ஆதலின் அதனால் நுகத்தடி செய்தல் வழக்கம். சங்கத்தார் தம் பட்டறைக்காக அம்மரம் சிலவற்றைக் கேட்டபோது வனத்துறை மறுத்தது. ஆனால் விளையாட்டுக் கருவி செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அதே மரங்கள் வழங்கப்பட்டன. உழவனுக்கு நுகத்தடி இல்லை, பந்தாட்ட மட்டைக்கு மரம் உண்டு என்னும் நிலை கண்டு ஊரார் கொதித்தனர். கோடரிக்குமுன் மரத்தைத் தழுவி நிற்போம் என்று உறுதி பூண்டனர். 'சிப்கோ' என்னும் சொல்லின் பொருள் 'ஒட்டிக்கொள், தழுவிக்கொள்' என்பது. ஏப்பிரல் மாதம் 24 ஆம் நாள் கோபேசுவரத்தை அடுத்த மண்டல் என்னும் ஊரில், பறை முழக்கத்தோடு திரண்ட மக்களைக் கண்டு மரம்வெட்ட வந்தோர் திரும்பினர். அதன்பின் அந்நிறுவனத்துக்குக் கேதாரநாதம் செல்லும் வழியிலுள்ள பாட்டா, இராமபுரக் காடுகளில் மரம் ஒதுக்கினர். அங்கும் மக்கள் ஆண்டு முடியும்வரை காவல் இருந்தனர். உரிமக் காலம் தீர்ந்தது. வந்தோர் வெறுங்கையராய்ப் போயினர்.

அடுத்த ஆண்டு இரேணி என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது உலகறிந்த வரலாறு. அங்கு ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டிருந்தன. 1974 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26 ஆம் நாள், சீனப்போரின்பின் எடுக்கப்பட்ட நிலங்களுக்கு ஈடு பெறும்பொருட்டு அவ்வூர் ஆடவர் சமோலிக்குச் சென்றிருந்தனர். சங்கத் தொண்டரும் கோபேசுவரத்தில் வனத்துறை அலுவலரோடு பேச்சில் இருந்தனர். அந்நேரம் பார்த்து மரம்வெட்டுவோர் காட்டுக்குட் புகுந்தனர். ஒரு சிறுமி கண்டுவந்து சொல்ல, மாதர் சங்கத் தலைவியாகிய கௌராதேவி என்னும் கைம்பெண், பெண்டிரும் சிறுமியருமாக 27 பேரை அழைத்துக்கொண்டு சென்று வழிமறித்தார். காடு தமக்குத் தாய்வீடு என்பதே அவர் சொல்லிய காரணம். அச்சுறுத்தலுக்கும் வசைக்கும் அவர்கள் அசையவில்லை. இரவு முழுதும் விழித்துக் காத்தனர். வந்தோர் மரம் ஒன்றும் வெட்டாது அகன்றனர். அரசு அமைத்த அறிஞர் குழுவின் ஆய்வுக்குப் பின்னர், இரேணியிலும் அலகநந்தையின் மேல்நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 1,200 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பிலும் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது.

இவ்வளவும் பலர் கேட்டறிந்தவையே. இவற்றின்பின் நிகழ்ந்தனவோ பலராலும் பேசப்படாதவை. ஆனால் திருப்பணிச் செல்வர்களாகிய நமக்குப் பயன்படும் செய்தி அவற்றிலேதான் உள்ளது.

வெட்டுதலைத் தடுத்த தொண்டர்கள், வெட்டுண்ட சரிவுகளை என் செய்வது என்று எண்ணினர். தடுத்தல் ஒருநாட் செயல். வளர்த்தல் ஒரு தலைமுறைச் செயல். 1970 களின் இடைப்பகுதி முதலாக ஊர்தோறும் மரம்நடு முகாம்கள் நடத்தினர். மாணவரும், மாதரும், சங்கத் தொண்டரும், வெளியூரிலிருந்து வந்த அன்பரும் சில நாட்கள் ஒருங்கே தங்கிக் குழிதோண்டிக் கன்று நட்டனர். கூலி பெறாத தொண்டு அது. எனினும் நட்ட அளவிற் பணி முடியவில்லை. ஆடுமாடுகள் கன்றைக் கடித்தன. நீரின்றிச் சில வாடின. ஆகவே அவர்கள் சரிவைச் சுற்றிக் கருங்கற்களை அடுக்கி மதில் எழுப்பினர். உள்ளே மாடு புகாமையால் புல் தழைத்தது. அப்புல்லை அறுத்து ஊரிலுள்ள குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. மரம் பயன்தர ஆண்டுகள் பல ஆகும். புல்லோ முதல் ஆண்டிலேயே பயன் தந்தது. காவலின் பயனை ஊரார் கண்ணாற் கண்டனர். அதனால் அவர்களே காவலராயினர். இன்ன மரம் நடுதல் வேண்டும் என்பதிலும் மாதர் சொல் ஏறியது. விறகும் தழையும் சுமப்பவர் அவர்களே. ஆதலின் விலைபோகும் பைனை விடுத்து, தழை தருவனவும், ஊற்றைக் காப்பதுமாகிய பாஞ்சு என்னும் ஓக் மரமும், கனி தருவனவும் வேண்டும் என்றனர். அவ்வாறு ஊரார் தாமே தெரிந்து நட்டுத் தாமே காத்த கன்றுகளிற் பெரும்பாலன பிழைத்தன.

இனிக் கோபேசுவர நகரத்து மாதர் செய்த ஏற்பாட்டைக் காண்போம். நகரைச் சூழ்ந்த காட்டைக் காப்பதற்கென அவர்கள் தமக்குள் ஒரு மாதர் மன்றம் கண்டனர். காவலுக்குப் பெண்டிரையே அமர்த்தி, அவர்களுக்கு முறையாக ஊதியம் கொடுத்தனர். வீட்டுக்கு வேண்டும் விறகும் தழையும் எடுத்தலை அவர்கள் முற்றும் விலக்கவில்லை. மரத்துக்கு ஊறு நேராத அளவில், காவலர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்தனர். வரம்பு மீறியவர் தண்டம் கட்ட வேண்டும். அத்தண்டம் பொதுநிதியிற் சேரும். சிலபோது அவர்தம் அரிவாளும் பறிமுதல் ஆகும். சட்டம் செய்தவரும், காத்தவரும், கட்டுப்பட்டவரும் ஒரே தெருவில் வாழும் பெண்மணிகளே. அரசாணை ஒன்றும் இன்றி, ஒரு சிறு நகரத்துக் குடும்பத் தலைவியர் தம் மரத்துக்குத் தாமே வகுத்த முறை இது.

இம்மாதர் உறுதி எத்தகையது என்பதற்கு 1980 இல் டூங்கிரி பைந்தோலி என்னும் ஊரில் நிகழ்ந்ததும் சான்றாகும். உருளைக்கிழங்குப் பண்ணை அமைக்க ஓக் காட்டைக் கேட்ட அரசுத்துறை, சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் மின்விளக்கும் தருவதாகச் சொல்ல, ஊர் ஆடவர் இசைந்தனர். மாதர் இசையவில்லை. காடு போயின் விறகுக்கும் நீருக்கும் நெடுந்தொலை நடக்க வேண்டியவர் தாமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தம் கணவர்க்கும் எதிராக நின்று அக்காட்டைக் காத்தனர். 1980 ஆம் ஆண்டிலேயே, அக்காலத்து உத்தரப்பிரதேசத்து மலைப்பகுதியில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களிற் பசுமரம் வெட்டுதலை 15 ஆண்டுகளுக்கு நிறுத்த இந்திய அரசு முடிவு செய்தது. சண்டிப் பிரசாத் பட்டர் 1982 இல் மகசேசே விருதும், 2005 இல் பத்மபூசண் விருதும் பெற்றார்.

கோயிலும் இத்தொண்டிற் பங்கு கொண்டது. 1993 ஆம் ஆண்டு பத்ரிநாதத்தில், அக்கோயிலின் தலைமை அருச்சகராகிய இராவல், விஞ்ஞானிகள் கொணர்ந்த ஆயிரக்கணக்கான கன்றுகளை வாழ்த்தி அடியார்க்கு வழங்கினார். பெற்றவர் அவற்றைப் பிரசாதமாகத் தலைமேற் கொண்டு சென்று நட்டனர். அக்காடு பத்ரிவனம் எனப் பெயர் பெற்றது. அவ்விராவல் கேரளத்து நம்பூதிரி மரபினர். கேதாரநாதத்து இராவலோ கன்னட நாட்டு வீரசைவ மரபினர். தென்னாட்டாரும் வடமலையும் இங்ஙனம் நெடுங்காலம் பிணைந்திருத்தலின், அங்குள்ள மரம் நம் மரமே எனலாம்.

பின்னாளில் அம்மலைநாடு பெருந்துயர்களைக் கண்டது. 2013 ஆம் ஆண்டு சூன் 16, 17 ஆகிய நாட்களிற் பெருமழையும் சோராபாரி ஏரியின் உடைப்பும் கேதாரநாதத்தைத் தாக்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். திருக்கோயிலின் பின்புறம் உருண்டுவந்து நின்ற பெரும்பாறை ஒன்று வெள்ளத்தைப் பிளந்து விலக்க, கோயில் நிலைத்து நின்றது. 2021 ஆம் ஆண்டு பிப்பிரவரி 7 ஆம் நாள் கௌராதேவி காத்த இரேணியின் அருகே இருசிகங்கை பெருகி இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து வீழ்ந்தமையே அதற்குக் காரணம் என்று ஆய்ந்தோர் கண்டனர். விழும் முகட்டை மரம் தடுக்காது. தடுக்கும் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். ஆனால் 1976 இல் சோதிமடத்தின் சரிவுகளை ஆராய்ந்த மிசிரா குழு, அங்குப் பெருங்கட்டடங்களைக் குறைக்கவும், மரம் நட்டுச் சரிவை உறுதிப்படுத்தவும் அறிவுறுத்தியது. அவ்வறிவுரை பேணப்படாதிருந்த அந்நகரில், 2023 சனவரியில் வீடுகள் பல வெடித்துப் பிளந்தன. ஆதிசங்கரர் மரபில் வந்த மடமுள்ள திருநகர் அது. சொல்லிய அறிவுரையை மறந்தால் விளைவது யாது என்பதை அறிய இஃது ஒன்றே அமையும்.

இனி இவ்வரலாறு நம் கோயிலுக்கு உரைப்பது யாது எனின், மரத்துக்கும் கட்டளை வேண்டும் என்பதே.

கட்டளை இன்னது என்று திருப்பணிச் செல்வர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு என்னும் கணக்கினைக் காண்கிறோம். ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். மூத்தனவும் இறந்தனவும் போக, கன்றித் தழைத்தன கொண்டு மந்தை குறையாமல் நிற்றல் வேண்டும். ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். விளக்கை மட்டும் கொடுத்து நெய்க்கு வழி வகுக்காது போயிருப்பின், அவ்விளக்கு ஓரிரவில் அவிந்திருக்கும். நந்தவனத்துக்கும் அவர்கள் அவ்வாறே நிலம் விட்டனர். நீர் இறைப்பார்க்கும் பூப்பறித்துத் தொடுப்பார்க்கும் வாழ்வூதியம் வகுத்தனர். திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் ஏந்திய உழவாரமும், திருப்புகலூர் முருக நாயனார் நாள்தோறும் பேணிய மலர்த்தொண்டும் ஒருநாள் விழாவாக நிகழ்ந்தன அல்ல. கோபேசுவரத்து மாதர் நம் கல்வெட்டுக்களைப் படித்தவர் அல்லர். ஆயினும் காவலர், ஊதியம், வரம்பு, தண்டம், பொதுநிதி என அவர் வகுத்த ஐந்தும் கட்டளையின் உறுப்புக்களே.

இக்காலத்தில் மரம்நடு விழாக்கள் பல நடைபெறுகின்றன. பெரியோர் வந்து கன்று நட்டு, படம் எடுத்துச் செல்கின்றனர். அடுத்த கோடையில் அக்கன்றுக்கு நீர் வார்ப்பவர் யார் என்று கேட்பாரில்லை. கோயில்களிலும் குடமுழுக்குக்கென மதில் திருத்தி, தளம் பரப்புங்கால், பழைய மரங்கள் இடையூறென எண்ணப்படுதல் உண்டு. தலமரத்தைச் சுற்றிப் பளிங்கும் சிமெண்டும் இட்டு அழகு செய்கிறோம். வேர் மூச்சின்றித் தவிக்கின்றது. மழைநீர் மண்ணுட் புகாது ஓடுகின்றது. மேடைகட்டி அடிமரத்தை மண்ணால் மூடுதலும், பட்டையோடு ஒட்டி விளக்கும் கற்பூரமும் ஏற்றுதலும், நேர்த்திக்கடன் தொட்டிலைக் கம்பியால் இறுகக் கட்டுதலும், விளக்கு வரிசைக்கென ஆணி அறைதலும் மரத்தை மெல்லக் கொல்வன. அன்பால் செய்கிறோம் என்பதால் அவற்றின் தீமை குறையாது.

செய்யத்தக்கவை எளியன. தலமரத்தின் அடியைச் சூழ்ந்து மண் திறந்திருத்தல் வேண்டும். விளக்கேற்றச் சற்றுத் தொலைவிற் கல்மாடம் அமைக்கலாம். தலமரத்தின் விதையிலிருந்தோ கிளையிலிருந்தோ கன்றுகள் உண்டாக்கி, கோயில் வளாகத்திலும் ஊர்ப் பொதுவிடத்திலும் வளர்த்தால், முதுமரம் ஒருநாள் வீழினும் அதன் வழி வீழாது. மந்தையைச் சாவாதாக்கிய முறை இதுவே. நந்தவனத்துக்கும் தெருமரத்துக்கும் தெருவாரியாக முறை வைத்து, ஒவ்வொரு கிழமையும் இன்ன தெருவார் நீர் வார்த்தல் என்று எழுதி வைக்கலாம். கன்று வாங்க நூறு கொடுப்போர், அதனைக் காப்போர்க்கென ஆயிரம் ஒதுக்குதல் நன்று. இவற்றைப் பொறுப்பேற்கும் குழுவில் பெண்மக்களை முன்னிறுத்துக. மரத்தின் அருமை அறிந்தவர் அவரே என்பதை இமயத்து மாதர் காட்டிவிட்டனர்.

திருப்பணிக் கல்வெட்டிற் பெயர் பொறிக்கப்பெறும் பெருமக்காள்! நீவிர் அளித்த கல்லும் கலசமும் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை குடமுழுக்குப் பெற்றுப் புதுமை எய்தும். மரத்துக்கோ ஒவ்வொரு மாலையும் ஒரு குடம் நீரே குடமுழுக்கு. அதனைச் செய்வார் பெயர் கல்லில் ஏறாது. ஆயினும் அவர்தம் பேரன் அந்நிழலில் இளைப்பாறும்போது, இறைவன் திருமுன்னர் அத்தொண்டு கணக்கில் ஏறியே நிற்கும். இம்மலர் ஏந்தும் கைகள் யாவும், இவ்வாண்டில் ஒரு மரத்தின் காவலை ஏற்பனவாகுக. மழை வழாது பெய்க. மலையும் காடும் நிலைபெறுக. எல்லாம் வல்ல சிவபரம்பொருளின் திருவருள் இத்தொண்டுக்கு முன்னின்று உதவுவதாக.

திருச்சிற்றம்பலம்.